கும்மிடிப்பூண்டியிலிருந்து பாங்காக் எவ்வளவு தூரம்?

ஃபைனல் இயர் முடியப் போகுதுன்னாலே எல்லா கேங்கிலும் ஒரே பஞ்சாயத்துதான். டூர்!

எங்க கேங்கில் எட்டுப் பேர். கோவாவா, மூணாறான்னு ஆரம்பிச்ச பேச்சு, திடீர்னு ஒரு நாள் பாங்காக்குக்குத் தாவிடுச்சு. இந்தியர்களுக்கு விசா வேண்டாம்னு தாய்லாந்து 2023 நவம்பரில் கதவைத் திறந்ததிலிருந்தே நம்ம பசங்களுக்குத் தரையில் கால் நிக்கலையே! ஆளாளுக்குப் போய் பாஸ்போர்ட் ஆபீஸ் வாசலில் நின்னோம். பார்ட் டைம் வேலைக் காசு, தீபாவளிக்குப் பெரியப்பா கொடுத்த காசு, அக்கா கல்யாண மொய்க் கவரில் இருந்து சுட்ட காசு (சத்தியமா அது நான் இல்லை) எல்லாம் சேர்ந்தது.

ஏழு பேர் ஓகே. எட்டாவது ஆள் மட்டும் சிரிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தான்.

"எந்தத் தேதிடா கிளம்புறீங்க?"

சொன்னோம்.

"அன்னிக்கு எங்களுக்கு செக்கிங் மச்சி. நீங்க போயிட்டு வாங்க."

மூணு வருஷம் ஒரே பெஞ்ச். அவன் டிபன் பாக்ஸைத் திறந்தாலே இடியாப்பமும் தேங்காய்ச் சம்பலும் எனக்குத்தான் முதல்ல வரும். ஆனா அவனுக்கு ஒரு 'செக்கிங்' இருக்குன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். வீடு எங்கேன்னு கேட்டா "கும்மிடிப்பூண்டி"ம்பான். கும்மிடிப்பூண்டியில் எங்கேன்னு நாங்க யாரும் கேட்டதில்லை. டூர் ஃபார்மில் பாஸ்போர்ட் நம்பர் எழுதற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு போட்டு, அழகா மடிச்சு என் பாக்கெட்டிலேயே வெச்சுட்டுப் போயிட்டான்.

அடுத்த ஞாயித்துக்கிழமை ரயில் ஏறினேன்.

லோக்கல் ட்ரெயினில் ஒரு ஃபாரின் ட்ரிப்

சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் இருந்து கும்மிடிப்பூண்டி லோக்கல். ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். ஆனா அந்த ஒண்ணரை மணி நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே நாலு ஊர் மாறும். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டையில் கண்டெய்னர். திருவொற்றியூர், எண்ணூரில் புகைக்கூண்டு. அத்திப்பட்டில் அனல்மின் நிலையத்துச் சாம்பல். மீஞ்சூர் தாண்டி பொன்னேரி வந்தா, அட, வயல்! அப்புறம் கவரைப்பேட்டை. 2024 அக்டோபர் 11 ராத்திரி பாக்மதி எக்ஸ்பிரஸ் நின்னுக்கிட்டிருந்த சரக்கு ரயிலில் போய் மோதின ஸ்டேஷன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து எட்டிப் பார்த்துட்டு, ஒண்ணும் சொல்லாம திரும்ப உட்கார்ந்தார்.

பொன்னேரியில் இறங்கி கிழக்கே போனா பழவேற்காடு. போட்டிங், இறால், பறவைகள்னு நீங்க போயிருப்பீங்க. அங்கே டச்சுக்காரங்க 1613-ல் ஒரு கோட்டை கட்டினாங்க. சோழமண்டலக் கடற்கரையின் கைத்தறித் துணிகளை மூட்டை மூட்டையா கப்பலேத்தி ஜாவாவுக்கும் சயாமுக்கும் அனுப்பினாங்க. சயாம்னா இன்றைய தாய்லாந்து. நானூறு வருஷத்துக்கு முன்னாடியே இந்தப் பக்கத்து வேட்டியும் சேலைத்துணியும் தாய்லாந்து டூர் அடிச்சிருக்கு. என் ஃப்ரெண்டுக்குத்தான் கொடுத்து வைக்கலை.

கும்மிடிப்பூண்டியில் இறங்கினதும் முதல்ல காதில் விழுறது ஹிந்தி, ஒடியா, போஜ்புரி. சிப்காட் உபயம். பழைய இரும்பை ஏத்தின லாரி உள்ளே போகும், கம்பியா மாறி வெளியே வரும். உருக்காலை, ரோலிங் மில், கெமிக்கல், டயர்... தேர்வாய்கண்டிகை வரைக்கும் இந்தத் தாலுகாவே ஒரு பெரிய ஷிஃப்ட் பெல்லுக்குக் கட்டுப்பட்டுத்தான் தூங்கி எழுந்திருக்குது. ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் பீகார் பையன்கள் ஒரு குரூப்பா பெரிய பெரிய பையோட உட்கார்ந்திருந்தாங்க. ஊருக்குப் போறாங்களாம். ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல. சீட் கிடைக்குமான்னு மட்டும்தான் அவங்க கவலை.

என் ஃப்ரெண்டோட ஊர் மன்னார் பக்கம் பேசாலை. கும்மிடிப்பூண்டியில் இருந்து நேர்கோடு போட்டா ஐந்நூறு கிலோமீட்டர் கூட வராது. அவன் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை.

"செக்கிங்னா என்னடா?"

முகாமுக்குள்ளே நான் போகலை. வெளியாள் போகணும்னா அனுமதி வாங்கணும், அது ஒரு தனிக்கதை. மெயின் ரோட்டு டீக்கடை பெஞ்சுதான் எங்க ரிசப்ஷன் ஹால்.

அவன் கதையை அவன் சொன்ன வரிசையிலேயே சொல்றேன். 1990 ஜூனில் இலங்கையில் மறுபடி போர் வெடிச்சப்ப, அவன் அம்மாவுக்கு ஒன்பது வயசு. அம்மம்மா (அம்மாவோட அம்மா) பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு ராத்திரியில் படகு ஏறியிருக்காங்க. தனுஷ்கோடிப் பக்கம் மணல் திட்டில் இறக்கிவிட்டுட்டுப் படகு போயிடுச்சு. அங்கேயிருந்து மண்டபம் முகாம். இந்த மண்டபம் முகாமுக்கு ஒரு வேடிக்கையான ஃப்ளாஷ்பேக் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன நம்ம ஊர்க்காரங்களை நிறுத்திவெச்சு, நோய் நொடி இருக்கான்னு பார்த்து கப்பல் ஏத்தின இடம் அது. அங்கே போக ஒரு வாசல்; பிற்காலத்தில் அங்கேயிருந்து வர்றதுக்கும் அதே வாசல்.

மண்டபத்திலிருந்து இவங்களை அனுப்பிவெச்ச இடம் கும்மிடிப்பூண்டி. 1983 ஜூலைக் கலவரத்திலிருந்து 2010 வரைக்கும் அலை அலையா வந்தவங்க மூணு லட்சத்துக்கும் மேல. திரும்பிப் போனவங்களும் உண்டு. 1992-லிருந்து 1995-க்குள் மட்டும் அம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவங்க போயிருக்காங்க. 2021-ல் தமிழக அரசு சொன்ன கணக்குப்படி 108 முகாம்களில் 58,822 பேர், வெளியே பதிவு பண்ணிக்கிட்டு 34,087 பேர். திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது இது. தமிழ்நாட்டிலேயே பெரிய முகாம்களில் ஒண்ணு.

"சரி, செக்கிங்?"

"அதாண்டா, ஆள் இருக்கோமான்னு பார்க்கிறது. ரெவின்யூ ஆபீஸ்லேர்ந்து வருவாங்க. குடும்பம் குடும்பமா நிக்கணும். பேர் கூப்பிட்டா 'இருக்கேன்'னு கையெழுத்து போடணும். போட்டாத்தான் அந்த மாசக் காசு."

"போடலைன்னா?"

"காசு போச்சு. தொடர்ந்து போடலைன்னா பதிவையே வெட்டிடுவாங்க."

நமக்கு அட்டெண்டன்ஸ் எழுபத்தஞ்சு பர்சென்ட் இருந்தா போதும். அதுக்கே மெடிக்கல் சர்டிஃபிகேட், காண்டனேஷன் ஃபீஸ்னு ஆயிரம் சால்ஜாப்பு. அவங்க அம்மா ஒன்பது வயசில் ஆரம்பிச்ச அட்டெண்டன்ஸ் இன்னும் முடியலை.

காசு எவ்வளவுன்னு கேட்டேன். கேட்கவே கூச்சமா இருந்தது, அவன் ஹோட்டல் மெனு மாதிரி ஒப்பிச்சான். குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவங்களுக்கு ஆளுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500. இது 2021 ஆகஸ்ட் 27 அன்று சட்டமன்றத்தில் அறிவிச்ச ரேட். 317 கோடியே 40 லட்ச ரூபாய்த் திட்டங்களை விதி 110-ன் கீழ் அறிவிச்சாங்களே, அதில் வந்தது. அடுத்த நாளே 'அகதிகள் முகாம்'ங்கிற பேரையும் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்'னு மாத்தினாங்க. இவங்க வீட்டில் அப்பா, அம்மா, அம்மம்மா, இவன், ப்ளஸ் டூ படிக்கிற தங்கச்சி. 1,500-உம் நாலு ஆயிரமும், மொத்தம் 5,500. 2011-ல் 1,000, 750, 400-ன்னு இருந்த ரேட்டில் கணக்குப் போட்டா 4,000. அதுக்கும் முன்னாடி 400, 288, 180. அப்ப இதே அஞ்சு பேருக்கு 1,552 ரூபாய். கூடவே ரேஷன் அரிசி.

அய்யா, அஞ்சு பேருக்கு 5,500 ரூபாயில் யாரும் பாங்காக் போக முடியாது, அது வேற விஷயம். ஆனா எங்க கேங்கிலும் காசு ஆகாசத்திலிருந்து விழலையே! இவனும் சாயந்திரம் ஒரு கடையில் கணக்கு எழுதறான், சேர்த்துத்தான் வெச்சிருந்தான். இடிச்சது காசு இல்லை, கையெழுத்து.

அவன் அப்பா பெயின்ட் வேலை செய்யறவர். கும்மிடிப்பூண்டி முகாமில் பாதி ஆம்பளைங்க கையில் பிரஷ்ஷோடதான் இருப்பாங்க போல. நல்ல வேலைன்னா பேரும் இருக்கு, சென்னை, ஓசூர், பெங்களூருன்னு கூப்பிட்டுப் போறாங்க. ஓசூரில் ஏழு மாடிக் கட்டடம், ஒரு மாச வேலை. நடுவில் செக்கிங் வருது. மேஸ்திரியிடம் சொல்லிட்டு ராத்திரி பஸ் பிடிச்சு வருவார். காலையில் லைனில் நின்னு கையெழுத்து. மறுபடி ராத்திரி பஸ். ரெண்டு நாள் கூலி, ரெண்டு டிக்கெட் காசு போகும். அவர் பங்கு 1,500 வரும். கூட்டிக் கழிச்சா நஷ்டம்தான்.

"அப்ப விட்டுடலாமே அங்கிள்?"னு அப்புறம் அவரையே கேட்டேன்.

"காசுக்கா தம்பி வாறம்? பதிவு வெட்டுப்பட்டா வீடில்லை. பிள்ளையளுக்குப் படிப்புக் காசில்லை. நாங்கள் ஆர் எண்டு சொல்ல ஒரு கடதாசி இல்லை."

டோல் காசுங்கிறது அவங்களுக்கு வெறும் காசு இல்லை. 'இந்த ஆள் சட்டப்படி இங்கே இருக்கார்'னு மாசா மாசம் கிடைக்கிற ரசீது. ஓசூரிலிருந்து வர்ற மனுஷனுக்கே இந்தப் பாடுன்னா, ஃபாரின் டூரை எங்கே வைக்கிறது?

ஸ்கார்பரோ பெரியப்பாவின் டிசம்பர் சீசன்

இப்ப கதையில் ஒரு ட்விஸ்ட். இவங்க குடும்பத்தில் ஃபாரின் டூர் அடிக்கிறவங்களே இல்லைன்னு நினைக்காதீங்க. இருக்காங்க! அரசாங்க உதவிப் பணம் வாங்கிக்கிட்டே வருஷா வருஷம் அடிக்கிறவங்க இருக்காங்க. அவங்க வர்ற ஃபாரின் எது தெரியுமா? சென்னை.

அவன் அப்பாவோட ஒண்ணுவிட்ட அண்ணன் கனடாவில், டொரோன்டோவின் ஸ்கார்பரோ பக்கம். எண்பதுகளிலேயே போனவர், கனடியன் சிட்டிசன். ரிட்டயர் ஆகி டிசம்பரானா மயிலாப்பூரில் வந்து இறங்கிடுவார். காலையில் கச்சேரி, மத்தியானம் சபா கேன்டீன், சாயந்திரம் டி.நகர். அவருக்குக் கனடா அரசாங்கம் முதியோர் உதவித்தொகை கொடுக்குது. பதினெட்டு வயசுக்கு அப்புறம் இருபது வருஷம் கனடாவில் வாழ்ந்திருந்தா, நீங்க உலகத்தில் எந்த மூலையில் எத்தனை மாசம் இருந்தாலும் அந்தத் தொகை வந்துக்கிட்டே இருக்கும். இருபது வருஷம் ஆகலைன்னா ஆறு மாசத்துக்கு மேல வெளியே இருக்கக் கூடாது. வருமானம் குறைஞ்ச முதியவர்களுக்குத் தர்ற கூடுதல் தொகைக்கும் அதே ஆறு மாசக் கெடு. அவ்வளவுதான் ரூல்ஸ். அதனால மார்கழி முடிஞ்சு, தை பிறந்து, தைப்பூசமும் பார்த்துட்டு நிதானமா ப்ளேன் ஏறுவார்.

லண்டனில் ஒரு சித்தி. வேலை போனப்ப யுனிவர்சல் கிரெடிட் வாங்கினாங்க. அதிலும் பொதுவா ஒரு மாசம் வரைக்கும் வெளிநாடு போகலாம். முன்கூட்டியே சொல்லணும், வேலை தேடறதா கொடுத்த வாக்கைக் காப்பாத்தணும். அங்கே பத்திரிகைகளில் இதுக்கே பெரிய சண்டை: 'நம்ம வரிப்பணத்தில் வாங்கித் தின்னுட்டு ஸ்பெயின் பீச்சில் படுத்திருக்கான் பாரு'ன்னு. திட்டுறவங்களும் உண்டு, ஏழைக்கு லீவே கூடாதான்னு திருப்பிக் கேட்கிறவங்களும் உண்டு. (நம்ம ஊரில் நூறு நாள் வேலைக்குப் போற அக்கா ஊட்டிக்குப் போனா எத்தனை பேர் வயிறு எரியும்னு யோசிச்சேன். நிறையப் பேருக்கு எரியும்.)

அகதியா போனவங்களுக்கு அங்கேயும் ஒரு கட்டு உண்டு. 1951-ஆம் வருஷத்து அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்து போட்ட நாடுகள், தங்களிடம் சட்டப்படி தங்கியிருக்கிற அகதிக்கு ஒரு பயணப் புத்தகம் கொடுக்கும். அதை வெச்சுக்கிட்டு ஊர் சுத்தலாம். ஆனா எந்த நாட்டுக்குப் பயந்து ஓடி வந்தாங்களோ, அந்த நாட்டுக்கு மட்டும் போகக் கூடாது. 'அங்கே லீவுக்குப் போற அளவுக்கு தைரியம் இருந்தா, இங்கே உனக்கு எதுக்கு அடைக்கலம்?'ங்கிறது லாஜிக். ஜெர்மனி 2024 அக்டோபரில் இந்தச் சட்டத்தை இன்னும் இறுக்கிடுச்சு: சொந்த நாட்டுக்குப் போயிட்டு வந்தா பாதுகாப்பே போயிடலாம். நெருங்கின சொந்தத்தின் சாவு மாதிரி தவிர்க்க முடியாத காரணம்னா விதிவிலக்கு.

லாஜிக் சரியா தப்பான்னு விவாதம் பண்ணலாம். ஆனா அங்கே விவாதம் பண்றதுக்கு ஒரு சட்டம் இருக்கு. இந்தியா அந்த உடன்படிக்கையில் கையெழுத்தே போடலை. அகதிகளுக்குன்னு தனிச் சட்டமும் நம்மிடம் இல்லை. பயணப் புத்தகம்ங்கிற பேச்சுக்கே இடமில்லை. கும்மிடிப்பூண்டியில் நடக்கிறதெல்லாம் அரசாணை, அனுமதி, அதிகாரியின் மனசு.

போன டிசம்பரில் ஸ்கார்பரோ பெரியப்பா கும்மிடிப்பூண்டி வந்தாராம். அவரும் டீக்கடை பெஞ்சில்தான் உட்கார்ந்தாராம். ரெண்டு பெரிய பாக்கெட் சாக்லேட், தங்கச்சிக்கு ஒரு ஸ்வெட்டர். "கும்மிடிப்பூண்டி வெயிலுக்கு ஸ்வெட்டர்டா!"ன்னு சொல்லி அவன் சிரிச்ச சிரிப்பில் டீ புரையேறிடுச்சு.

பிறந்த ஊர் கும்மிடிப்பூண்டி, நாடு...?

நம்ம கேஸில் ஒரு பாயின்ட் இன்னும் உதைக்குது. அவன் பிறந்ததே இங்கேதான். பர்த் சர்டிஃபிகேட்டில் கும்மிடிப்பூண்டின்னு கொட்டை எழுத்தில் இருக்கு. ஆதார் கார்டு இருக்கு. பத்தாம் வகுப்பில் தமிழில் ஸ்கூல் ஃபர்ஸ்ட். அப்புறம் ஏன் பாஸ்போர்ட் இல்லை?

சட்டம் இப்படி: 1987 ஜூலை 1-க்கு முன்னாடி இந்திய மண்ணில் பிறந்தா, அப்பா அம்மா யாராயிருந்தாலும் அநேகமா நீங்க இந்தியக் குடிமகன். அதுக்கப்புறம் பிறந்தவங்களுக்கு அப்பா அம்மாவில் ஒருத்தராவது இந்தியரா இருக்கணும். 2004 டிசம்பர் 3-லிருந்து இன்னொரு கண்டிஷன்: இன்னொருத்தர் சட்டவிரோதமா குடியேறினவரா இருக்கக் கூடாது. படகில் வந்தவங்க பாஸ்போர்ட்டோட வரலையே! ஆதார் நீங்க இங்கே வசிக்கிறீங்கன்னு சொல்லும். எந்த நாட்டுக்காரன்னு சொல்லாது. 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான்னு மூணு நாட்டுப் பேர்தான் இருக்கு. இலங்கை இல்லை.

இந்தத் தேதிக் கணக்கு ஒருத்தருக்கு மட்டும் லாட்டரி மாதிரி அடிச்சது. திருச்சி கொட்டப்பட்டு முகாமில் இருக்கிற ஒரு பெண். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்தவர். பாஸ்போர்ட் கேட்டார், கிடைக்கலை. மதுரை ஹைகோர்ட் கிளைக்குப் போனார். 'இவர் 1987-க்கு முன்னாடி இந்தியாவில் பிறந்திருக்கார், அதனால இந்தியர்தான், பாஸ்போர்ட் கொடுங்க'ன்னு 2022 ஆகஸ்டில் கோர்ட் சொல்லிடுச்சு. 2024 மக்களவைத் தேர்தலில் முதல் தடவையா ஓட்டுப் போட்டார். பேப்பரில் போட்டோ வந்தது, நீங்க கூடப் பார்த்திருப்பீங்க. என் ஃப்ரெண்டு அந்த பேப்பர் கட்டிங்கைப் பர்ஸில் வெச்சிருக்கான்.

"நான் ஒரு பதினேழு பதினெட்டு வருஷம் லேட்டா பொறந்துட்டேன் மச்சி. அட்டெண்டன்ஸ் ஷார்ட்டேஜ்."

இலங்கைப் பாஸ்போர்ட்? அது முடியும். சென்னையில் இருக்கிற இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு பண்ணி, குடியுரிமைப் பத்திரம் வாங்கி, பாஸ்போர்ட் எடுத்தவங்க முகாமிலேயே இருக்காங்க. 1984-லிருந்து அகதிகளோட வேலை செய்யற ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இதுக்கு நிறைய உதவியிருக்கு. பாஸ்போர்ட் கிடைச்சா கிளம்பலாம். வெளியேற அனுமதி வாங்கணும், முகாம் பதிவை முடிச்சுக்கணும், போகலாம். திரும்பி வர்றதுதான் கதை. திரும்பி வரணும்னா வெளிநாட்டுக்காரனா விசா வாங்கி வரணும். தங்கச்சி படிப்பு, அப்பா அம்மா, அந்தச் சின்ன வீடு எல்லாம் இந்தப் பக்கம். நம்ம அகராதியில் டூர்னா ரிட்டர்ன் டிக்கெட் உண்டு. அவங்களுக்கு ஒன் வே.

அந்த ஒன் வேயும் பூப்பாதை இல்லை. 2025 மே மாசம், ஐ.நா. அகதிகள் அமைப்பின் உதவியோட முறைப்படி தாயகம் திரும்பின ஒரு முதியவரை பலாலி ஏர்போர்ட்டில் இறங்கினதுமே கைது பண்ணினாங்க. குற்றம்? பல வருஷத்துக்கு முன்னாடி பாஸ்போர்ட் இல்லாம நாட்டை விட்டுப் போனார்! குண்டு விழும்போது யார் குடியகல்வு கவுன்டரில் க்யூ நிப்பாங்க? இலங்கையிலேயே பெரிய சத்தம் கிளம்பி, சட்டத்தை மாத்தறோம்னு அரசாங்கம் சொன்னது. ஆனா முகாமில் கிளம்பத் தயாரா இருந்த பல பேர் மூட்டையைப் பிரிச்சுட்டாங்க.

இந்தப் பக்கம் ஒரு நல்ல சேதியும் வந்தது. 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டது: 2015 ஜனவரி 9 வரைக்கும் இங்கே வந்து அடைக்கலம் புகுந்து பதிவு பண்ணிக்கிட்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட் விசா இல்லாம இருக்கிறதுக்கான விதிகளிலிருந்து விலக்கு. முப்பத்தஞ்சு வருஷமா 'சட்டவிரோதம்'ங்கிற வார்த்தை தலைக்கு மேல தொங்கினது, கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு. அதுக்காக குடியுரிமை வந்துடலை. பாஸ்போர்ட்டும் வந்துடலை.

'டூரிஸ்ட் ஃபேமிலி' படம் 2025 மே மாசம் ரிலீஸானப்ப நாங்க எட்டுப் பேரும் சேர்ந்துதான் போனோம். படகில் வந்து சென்னையில் குடியேறும் ஒரு குடும்பத்தைப் பார்த்து தியேட்டரே சிரிச்சது, அழுதது. நானும் விசில் அடிச்சேன். பக்கத்து சீட்டில் இவன் பாப்கார்ன் சாப்பிட்டுக்கிட்டிருந்தான். இப்ப நினைச்சா கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கு.

வேலி

பாங்காக் போயிட்டு வந்தோம். ஏழு பேரும். இவனுக்காக நிறுத்தினோம்னு எழுத ஆசைதான், ஆனா நிறுத்தலை. வாட்ஸப் குரூப்பில் போட்ட ஒவ்வொரு போட்டோவுக்கும் முதல் லைக் இவனோடது. ஏர்போர்ட்டில் ஆபீஸர் என் பாஸ்போர்ட்டில் டொக்னு முத்திரை குத்தினப்ப, மடிச்சுக் கொடுத்த அந்த ஃபார்ம் ஞாபகம் வந்தது. அப்புறம் மறந்தும் போச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

திரும்பி வந்து மறுபடி கும்மிடிப்பூண்டி. அதே பெஞ்ச். இந்தத் தடவை நான் ஒரு சேதியோட போனேன்: அடுத்து யாழ்ப்பாணம் போகப் போறேன். சென்னையிலிருந்து பலாலிக்கு ப்ளேன் 2019-ல் ஆரம்பிச்சு, கொரோனாவில் நின்னு, 2022 டிசம்பரில் மறுபடி வந்தது. ஏறி உட்கார்ந்தா ஒண்ணரை மணி நேரம், நம்ம கும்மிடிப்பூண்டி லோக்கல் மாதிரி. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் 2023 அக்டோபரில் வந்தது. நமக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டாலே அனுமதி வந்துடும்.

"யாழ்ப்பாணத்திலிருந்து மன்னார் பஸ்ஸில் போகலாமாம்டா. பேசாலை போய் உங்க வீட்டைப் பார்த்துட்டு வரவா?"

அவன் உடனே பதில் சொல்லலை. போனை எடுத்தான். என்னோட பேசறப்ப சுத்த வடசென்னை பாஷை பேசறவன், போனில் ஒரே செகண்டில் வேற ஆளா மாறிட்டான். "ஓம் அம்மா... ரெயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில... அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

அவங்க அன்னிக்கு கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் பிரஷர் மாத்திரை வாங்கிக்கிட்டுத் திரும்பற வழி. அம்மா கையில் மஞ்சப்பை. அம்மம்மா மெலிஞ்சு, வெள்ளைச் சேலையில், ரொம்ப நேரா நடந்து வந்தாங்க.

"இவர் ஆர் பிள்ளை?"

"என்ர ஃப்ரெண்ட் அம்மம்மா. பேசாலைக்குப் போகப்போறார்."

"ஆர் போறது?"

"இவர்."

அம்மம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாங்க. "இவருக்கு அங்க ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. சும்மா. டூர்."

டூருங்கிற வார்த்தை அவங்களுக்குப் புரியலையோ, இல்லை புரிஞ்சுதானோ, கொஞ்ச நேரம் பேசலை. டீ வந்தது. சர்க்கரை வேண்டாம்னு திருப்பிக் கொடுத்து வேற வாங்கினாங்க. குடிச்சு முடிச்சு கிளாஸைக் கீழே வெச்சாங்க.

"ஒரு பிடி மண் கொண்டு வரட்டா பாட்டி?" சினிமா பார்த்துக் கெட்டுப்போன என் வாய்.

"மண்ணைக் கொண்டு வந்து நான் என்ன செய்யிறது தம்பி?" சிரிக்கலை. சீரியஸா கேட்டாங்க. அப்புறம் பக்கத்தில் வரச் சொல்லி, மேஜையில் சிந்தியிருந்த டீயில் விரலைத் தொட்டு ஒரு கோடு போட்டாங்க. "இது றோட்டு. இது மாதா கோயில். கோயிலடியிலயிருந்து கடற்கரைப் பக்கமா வந்தா ஒரு கிணறு. பொதுக் கிணறு. அதுக்கு இஞ்சால எங்கட காணி. பனை மட்டையால அடைச்ச வேலி. பக்கத்துக் காணிக்காரர் வருசா வருசம் வேலியை ஒரு முழம் இஞ்சால தள்ளி அடைக்கிறவர். நான் ஒவ்வொரு வருசமும் சண்டை பிடிச்சு அங்கால தள்ளி அடைப்பிக்கிறனான்."

"சரி பாட்டி."

"முப்பத்தஞ்சு வருசம் சண்டை பிடிக்க ஆளில்லை. வேலி இப்ப எங்க நிக்குது எண்டு மட்டும் பாருங்கோ. கிணத்தடியில நிண்டு எத்தனை கவடு எண்டு எண்ணிக்கொண்டு வாங்கோ. முந்தி இருபத்தி மூண்டு."

கவடுன்னா காலடின்னு அவன் மொழிபெயர்த்தான். என் கால் நீளமா, உங்க கால் நீளமான்னு நான் கேட்டேன். அம்மம்மா செருப்பைக் கழற்றிட்டு, டீக்கடை வாசலில் மூணு கவடு நடந்து காட்டினாங்க. நானும் பின்னாடியே நடந்தேன். ஒரு கம்பி லாரி ஹாரன் அடிச்சுக்கிட்டுப் போச்சு. அவன் மொபைலில் வீடியோ எடுத்தான்.

"எட்டி வைக்காதேங்கோ. இன்னும் கொஞ்சம் கிட்ட வையுங்கோ"ன்னாங்க. நான் மறுபடி முதலிலிருந்து நடந்தேன்.